மணி அடித்த பிறகு பள்ளிக்குள் போன மாணவர்

ஏனாத்தூர்ப் பக்கம் நாம் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு பையன் வருகிறான். ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. பள்ளி விட்டதும் பஸ்ஸில் ஊருக்கு வருகிறவன், காலனிக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி வரப்பு வழியாக நடந்து வருகிறான் என்பது தற்செயலாகத்தான் நமக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவன் அம்மாதான் சொன்னார். கூடப் படிக்கிற பையன்களும் அதே பஸ்ஸில் வருகிறார்களாம். காலனி நிறுத்தத்தில் இறங்கினால் இவன் எந்தத் தெரு என்று தெரிந்துவிடுமாம்.

அந்தப் பையனிடம் கோபப்பட மனம் வரவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதையே செய்த ஒரு மாணவரை நமக்குத் தெரியும். அவரும் நம் பக்கத்து மண்ணில் பிறந்தவர்தான். உத்திரமேரூரிலிருந்து தென்கிழக்கே பஸ் ஏறினால் மதுராந்தகம். அதை அடுத்த கோழியாளம் அவருடைய ஊர். அவர் பெயர் இரட்டைமலை சீனிவாசன்.

உத்திரமேரூர் என்றால் பாடப்புத்தகத்தில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு வரும். 919, 921 என்று ஆண்டுகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் குடவோலையில் பெயர் எழுதப்பட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சேரியில் இருந்தவர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. அந்தச் சேரி மக்களுக்கு ஓட்டு வேண்டும், சட்டசபையில் இடம் வேண்டும் என்று லண்டன் வரை போய்க் கேட்டவரும் இதே வட்டாரத்துக்காரர்தான். கல்வெட்டைப் படிக்கிற பிள்ளைகள் இவர் வாழ்க்கையையும் படிக்க வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை.

கலாசாலையில் ஒரு மாணவர்

சீனிவாசன் பிறந்தது 1860ஐ ஒட்டி. ஜூலை 7 அவர் பிறந்த நாள். தந்தை பெயர் இரட்டைமலை. பலர் அதைப் பட்டம் என்றோ ஊர்ப் பெயர் என்றோ நினைக்கிறார்கள். அப்பா பெயரைத்தான் அவர் முன்னால் போட்டுக்கொண்டார். ஊரில் பிழைக்க முடியாமல் குடும்பம் தஞ்சாவூருக்குப் போனது. அங்கேயும் சாதி விடவில்லை. அங்கிருந்து கோயம்புத்தூருக்குப் போனார்கள். பையன் அங்கே கலாசாலையில் சேர்ந்தார். அந்தக் காலத்துக் கலாசாலைகளில் உயர்நிலைப் பள்ளி வகுப்புகளும் சேர்ந்தே நடக்கும்.

அங்கே படித்தவர்கள் சுமார் நானூறு பேர். ஏறக்குறைய பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த இடம். தன் சாதி, தன் குடும்பம், தான் இருக்கிற இடம் இவற்றில் எது தெரிந்தாலும் தன்னைக் கேவலமாக நடத்துவார்கள் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் பள்ளிக்கு நேரத்தோடு வந்துவிடுவார். ஆனால் உள்ளே போகமாட்டார். வெளியே எங்காவது ஒதுங்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குள் போன பிறகுதான் நுழைவார். மாலையில் பள்ளி விட்டதும் யாரும் கூட வந்து சேர்ந்துகொள்ளாதபடி விரைவாக வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்று ஏங்குவார்.

இதை நமக்குச் சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான். 1939இல் வெளியிட்ட தன் சிறிய வாழ்க்கை வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அரசாங்கம் கொடுத்த பட்டங்கள் எல்லாம் வந்துவிட்டன. லண்டனில் மன்னரையும் பார்த்துவிட்டார். அத்தனைக்குப் பிறகும், பள்ளிக்கு வெளியே ஒதுங்கி நின்ற அந்தக் காலை நேரங்களை அவர் மறக்கவில்லை. விளையாட முடியாமல் போன மாலைகளையும் மறக்கவில்லை. பன்னிரண்டு, பதினைந்து வயதில் பள்ளியில் விழுகிற அடி எத்தனை ஆழம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரை யாரும் அடித்ததாகச் சொல்லவில்லை. பள்ளியை விட்டுத் துரத்தியதாகவும் சொல்லவில்லை. தெரிந்தால் என்ன ஆகுமோ என்கிற பயம் மட்டும்தான். அந்தப் பயமே அவர் வருகிற நேரத்தை, போகிற நேரத்தை, உட்காருகிற இடத்தை எல்லாம் முடிவு செய்தது. இன்று பள்ளியில் பாதுகாப்பு என்றால் சுற்றுச்சுவர், கேமரா, வாயிற்கதவு என்று பேசுகிறோம். சீனிவாசன் படித்த கலாசாலைக்கும் சுவர் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சுவருக்குள் அவருக்குப் பாதுகாப்பு இல்லை.

முப்பது வயதுக்குப் பிறகு வந்த தைரியம்

படிப்பு முடிந்து நீலகிரிக்குப் போனார். அங்கே ஐரோப்பியர்களுடைய வணிக நிறுவனத்தில் கணக்கர் வேலை. ஏறக்குறைய பத்தாண்டுகள் அங்கே இருந்தார். அந்த நாட்களில்தான் அயோத்திதாச பண்டிதரும் நீலகிரியில் இயங்கிக்கொண்டிருந்தார். சீனிவாசனுடைய சகோதரியைத்தான் பண்டிதர் மணந்தார். ஒரு குடும்பத்துக்குள் இரண்டு தலைவர்கள்.

1890இல் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். வந்ததும் மேடை ஏறிவிடவில்லை. கிராமம் கிராமமாகப் போய்த் தம் மக்களின் நிலையையும் பழைய வரலாற்றையும் விசாரித்தார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’.

யார் என்று தெரியக் கூடாது என்று வேகவேகமாக வீட்டுக்கு நடந்த அதே பையன்தான் இப்போது அந்தப் பெயரையே பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்துச் சென்னைத் தெருக்களில் விற்கிறார். தன் சாதியை மறைத்துக்கொண்டு முன்னேறுகிறவன் பயத்தோடுதான் முன்னேறுவான், பெயரைச் சொல்லிக்கொண்டே உரிமை கேட்டால்தான் பயம் போகும் என்பது அவருடைய எண்ணம். அயோத்திதாசர் இந்தப் பெயரை ஏற்கவில்லை. அது பிறர் நம்மேல் சுமத்திய இழிவு, நாம் பூர்வ பௌத்தர்கள், பூர்வத் தமிழர்கள் என்றார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். மாமனும் மைத்துனனுமாக இருந்தும் இருவரும் இரண்டு வழியில் போனார்கள். ஆனால் இருவரும் பதில் தேடியது ஒரே கேள்விக்குத்தான்: நம் பிள்ளை தன் பெயரைச் சொல்லும்போது தலை குனியாமல் இருக்க என்ன வழி?

‘பறையன்’ முதலில் மாத இதழாக வந்தது. கொஞ்ச நாளில் வார இதழானது. 1900 வரை நடந்தது. நடத்துவது எளிதாக இல்லை. 1896இல் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்துக்காக வழக்குப் போட்டார்கள். 100 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்தக் காலத்து 100 ரூபாய். கட்டிவிட்டுப் பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினார்.

அந்த ஆண்டுகளில் நம் செங்கல்பட்டு ஜில்லா அரசாங்கத்தின் கண்ணில் பட்ட நேரம். காஞ்சிபுரமும் மதுராந்தகமும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் சேரி மக்களின் நிலையை எழுதி அரசுக்கு அனுப்பினார். அதை ஒட்டி 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணை வந்தது. பள்ளிக்குப் புறம்போக்கு இடம், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை, மானியம் என்று அதில் வழி வகுத்தார்கள். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பள்ளிக்கூடம் வேண்டும், எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சீனிவாசனும் அவருடைய சபையும் மனுப் போட்டுக்கொண்டே இருந்த காலம் இது.

ஆணை போட்டுவிட்டால் கதவு திறந்துவிடுமா? 1919இல் மதராஸ் அரசாங்கமே கணக்குப் பார்த்தது. பொது நிர்வாகத்தில் இருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை அறுநூற்றுச் சொச்சம்தான். காரணம் கேட்டால், பள்ளி அக்ரகாரத்தில் இருக்கிறது, கோயில் வாசலில் இருக்கிறது, ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். கதவு திறந்திருந்தாலும் அந்தக் கதவுக்குப் போகிற தெருவில் நடக்க விடமாட்டார்கள். தெரு முதலில் பொதுவாக வேண்டும் என்பதைச் சீனிவாசன் அப்போதே உணர்ந்திருந்தார்.

கடல் தாண்டியும் அதே வேலை

1900க்குப் பிறகு அவர் கப்பல் ஏறினார். லண்டன் போய் நம் மக்களின் குறைகளை நேரில் சொல்ல வேண்டும் என்பது எண்ணம். வழியில் ஆப்பிரிக்காவிலேயே தங்கும்படி ஆயிற்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் மக்கள் கோர்ட்டில் நின்று தமிழில் சொன்னதை வெள்ளைக்கார நீதிபதிக்கு எடுத்துச் சொல்கிற வேலை. ஊரில் பள்ளியில் வாய் திறக்கப் பயந்தவர் அங்கே ஊமைகளாக நின்றவர்களுக்கு வாயாக இருந்தார்.

1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பலர் ஓய்வெடுக்கிற வயது. 1923இல் சென்னை சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், சத்திரம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று 1924இல் சட்டசபையில் தீர்மானம் வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் வீரையனும் இருந்தார், சீனிவாசனும் இருந்தார். தீர்மானத்தை அரசிதழில் போட்டால் போதாது, ஊர் ஊராகத் தண்டோரா போட்டு மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போது எழுந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் யாருக்குப் பயன்? தெருவில் நடக்கிறவன் காதில் விழ வேண்டும்.

இந்தத் தெருக் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இன்று சைக்கிளில் ஊர்த் தெரு வழியாக உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற நம் பெண் பிள்ளைகளுக்கு அந்த வழியைத் திறக்க ஒரு தலைமுறை போராட வேண்டியிருந்தது.

1930, 1931 வட்டமேசை மாநாடுகளுக்கு அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் போனார். எல்லோருக்கும் ஓட்டுரிமை, சட்டசபைகளில் நம் மக்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் என்பவை அங்கே வைத்த கோரிக்கைகள். மன்னர் ஐந்தாம் ஜார்ஜைப் பார்க்கப் போகும்போது தன் பெயரோடு தீண்டப்படாதவர் என்று எழுதிய அடையாளத்தை உடையில் குத்திக்கொண்டு போனார் என்று நம் மேடைகளில் இன்றும் சொல்வார்கள். மன்னர் கை குலுக்கினார் என்பதில்தான் கூட்டம் கைதட்டும். நமக்கு அந்தக் கைகுலுக்கலைவிட அந்த அடையாளம்தான் பெரிது. கோயம்புத்தூரில் முகவரியை மறைத்த மாணவர் அரண்மனைக்கு அதே முகவரியோடு போனார்.

1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1940இல் திரு.வி.க. அவருக்குத் திராவிடமணி என்ற பட்டம் சூட்டினார். 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படிக்க உதவித்தொகைத் திட்டத்தை இந்திய அரசாங்கம் தொடங்கியது. அதை அவர் கண்ணால் பார்த்தார். அடுத்த ஆண்டு, 1945 செப்டம்பர் 18இல் காலமானார். இன்று கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 7இல் மாலை போடுகிறார்கள்.

மாலை போட்டால் போதுமா?

சீனிவாசன் வாழ்க்கையைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது நம்மில் பலர் ஒரு தவறு செய்கிறோம். நாமும் செய்திருக்கிறோம். அவரைப் பார், தன் சாதியைத் தைரியமாகச் சொன்னார், நீயும் அப்படி இரு என்று பத்தாம் வகுப்புப் பையனுக்கு அறிவுரை சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவருக்கு அந்தத் தைரியம் எப்போது வந்தது? முப்பது வயதைத் தாண்டி, சொந்தக் காலில் நின்று, பத்து வருடச் சம்பாத்தியம் கையில் இருந்து, பின்னால் ஒரு சபை இருந்தபோது வந்தது. பதினைந்து வயதில் அவர் மறைத்துக்கொண்டுதான் படித்தார். அப்படி மறைத்தது கோழைத்தனம் என்று யாராவது சொல்ல முடியுமா? நானூறு பேர் நடுவில் தனியாக நின்ற பிள்ளை பிழைத்துப் படிக்கக் கண்டுபிடித்த வழி அது.

அதனால் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கும் நம் பையனிடம் நீ காலனி நிறுத்தத்திலேயே இறங்கு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எங்கே இறங்கினாலும் அவனை ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாத பள்ளியை உண்டாக்குவது பெரியவர்கள் வேலை. ஆசிரியர் வேலை. தலைமை ஆசிரியர் வேலை. பெற்றோர் வேலை. அரசின் வேலை. பிள்ளையின் வேலை படிப்பதும் விளையாடுவதும்தான்.

அன்றைய பெரியவர்களில் சிலர் இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டார்கள். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியோடு தங்கும் விடுதியும் எழுந்தது. ஒதுங்கி நிற்க வேண்டாத வாசல், கூட உட்கார்ந்து சாப்பிடப் பத்துப் பிள்ளைகள், மாலையில் விளையாட ஓர் இடம். சீனிவாசனுக்குக் கோயம்புத்தூரில் கிடைக்காதது இவைதான். அங்கே படித்து எத்தனையோ பேர் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் வந்தார்கள்.

நாங்குநேரியை மறக்க முடியாது. 2023 ஆகஸ்டில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவர் தொல்லை தாங்காமல் முன்னரே பள்ளிக்கு வராமல் இருந்தவர். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னார். சொன்ன அன்று இரவே வெட்டு விழுந்தது. அண்ணனும் தங்கையும் பிழைத்தார்கள். அந்த மாணவர் தேர்வு எழுதித் தேறினார், கல்லூரிக்கும் போனார். ஆனால் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. புகார் கொடு என்று பிள்ளையிடம் சொல்வது பாதி வேலை. புகார் கொடுத்த பிறகு அன்று மாலை அவன் எப்படி வீட்டுக்குப் போவான், இரவில் யார் துணை, மறுநாள் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருவான் என்று பார்ப்பது மீதிப் பாதி. இரண்டாவது பாதியில்தான் நாம் தவறுகிறோம்.

அதன் பிறகு தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு, மோதிரம், நெற்றியில் சாதி அடையாளம் கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது. அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். பெரிய உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர் நலனைப் பார்க்கத் தனி அலுவலர் வேண்டும். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லக் கூடாது, தலைமை ஆசிரியர் அறைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். இப்படிப் பல பரிந்துரைகள்.

இதில் கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது நமக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் படித்த பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு முறை ஒருவர் வகுப்பு வாசலில் நின்று, ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திருங்க என்பார். ஆறு பேர் எழுந்திருப்போம். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது ஓர் அலுவலக வேலை. நமக்கு அந்த ஒரு நிமிடம் ஆண்டு முழுக்க நீளும். மறுநாள் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனால் இரண்டு பேர் தள்ளி நிற்பார்கள். அந்தத் தொகை வேண்டாம் என்று விண்ணப்பத்தையே கிழித்துப் போட்டவன் ஒருவன் நம் வகுப்பில் இருந்தான். பத்தாம் வகுப்போடு படிப்பையும் விட்டுவிட்டான்.

நம் ஊரில் செய்ய வேண்டியவை

அரசு எல்லாப் பரிந்துரைகளையும் நிறைவேற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாதி வேலைக்குப் பணம் தேவையில்லை, மனம்தான் தேவை. பதிவேட்டில் இருப்பதை வாய்விட்டுப் படிக்காமல் இருக்கலாம். உட்காரும் இடத்தை மாதம் ஒருமுறை மாற்றலாம். கழிவறை கழுவ, வகுப்பு பெருக்க எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தலாம். விளையாட்டு அணியில் பெயர் எழுதும்போது யார் எப்போதும் ஓரத்தில் நிற்கிறார்கள் என்று ஓர் ஆசிரியர் கவனித்தாலே போதும். சீனிவாசனை அப்படிக் கவனிக்க அந்தக் கலாசாலையில் யாரும் இல்லை.

பெற்றோர்களுக்கு: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற கூட்டமாக நினைக்காதீர்கள். காலனியிலிருந்து இரண்டு பேராவது போய் உட்காருங்கள். பிள்ளை திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தால், வயிற்று வலி என்று வாரத்துக்கு இரண்டு நாள் நின்றால், திட்டுவதற்கு முன்னால் உட்கார வைத்துக் கேளுங்கள். தேர்வு பயம் என்று நினைத்திருப்போம், வேறு பயமாக இருக்கும். புகார் கொடுக்க வேண்டி வந்தால் வாய்வார்த்தையாக விடாமல் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தேதி முக்கியம்.

பிள்ளைகளுக்கு: பள்ளிகளில் மாணவர் மனசு என்று பெட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் எழுதப் பயமாக இருந்தால் பெயர் இல்லாமலும் எழுதிப் போடலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14417 பள்ளிக் கல்வித் துறையின் எண். வன்கொடுமை நடந்தால் 14566 என்ற எண்ணிலும் சொல்லலாம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஊரில் நடப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பள்ளிக்குள்ளும் செல்லும். இந்த எண்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கத்தில் உட்காருகிறவனுக்கும் எழுதிக் கொடுங்கள். அவன் எந்தத் தெருவாக இருந்தாலும் சரி.

ஊர்த் தெருப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கலாசாலையில் இருந்த அந்த நானூறு பேரில் ஒரே ஒருவர் சீனிவாசன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தால், மாலையில் விளையாட வா என்று கூப்பிட்டிருந்தால், எண்பது வயதில் அவர் அதையும் நன்றியோடு எழுதியிருப்பார். அந்த ஒருவராக இருக்க உங்களுக்கு இன்று வாய்ப்பு இருக்கிறது. சாதிக் கயிறு கட்ட வீட்டில் யார் சொன்னாலும், பள்ளி வாசலில் அதை அவிழ்த்துவிட்டு உள்ளே வரலாம்.

ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கும் பையனுக்கு நாம் சீனிவாசனுடைய கதையைச் சொன்னோம். மணி அடித்த பிறகு பள்ளிக்குள் போன பகுதியைத்தான் அதிக நேரம் சொன்னோம். லண்டன் கதையை அவன் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அவரும் விளையாடப் போகவில்லையா என்று மட்டும் இரண்டு முறை கேட்டான். இல்லை என்றோம். பேசாமல் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் அவனோடு பஸ்ஸில் நாமும் ஏறுவதாக முடிவு செய்திருக்கிறோம். அவன் பள்ளி விடும் நேரத்தில், அவன் கூடப் படிக்கும் பையன்களோடு சேர்ந்து. எங்கே இறங்குவது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். காலனி நிறுத்தம் என்றால் அங்கே, முந்தின நிறுத்தம் என்றால் அங்கே. வரப்பில் நடப்பதானாலும் கூட நடப்போம். அவன் தலைமை ஆசிரியரைப் பார்க்கவும் நேரம் கேட்டிருக்கிறோம். இந்த ஜூலை 7க்கு மாலை வாங்கக் காசு சேர்க்கிற தோழர்கள், தங்கள் ஊர்ப் பஸ்ஸில் யார் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறார்கள் என்றும் ஒரு நாள் ஏறிப் பாருங்கள்.